அரைப்பேர்

பட்டியலில் பதினொரு இலக்கங்கள்.
முதலாவது பிறப்புச் சான்றிதழ்.
பாடசாலைப் பதிவேட்டில் நான் யோகமலர்.
சான்றிதழில் யோகமாலா.
மஸ்கெலியாவில் அன்றைக்கு எழுதியவர்
இரண்டு கால்களைக் கூடுதலாகக் கொடுத்து
கடைசி மெய்யெழுத்தை எடுத்துக்கொண்டார்.
அந்தக் கால்களோடுதான்
சமாதான நீதவானிடம் நடந்தேன்.
அவர் சில்லறைக் கடையும் வைத்திருக்கிறார்.
பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார்:
"ரெண்டும் ஒரே ஆள்தானா?"
ஆமென்றேன்.
மாவு படிந்த விரல்களால் முத்திரை குத்தினார்.
இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு
முந்நூறு ரூபாய்.

இரண்டாவது வதிவிடம்.
வீட்டிலக்கம் என்ற கட்டத்துக்குள்
எட்டாம் லயம், நாலாவது காம்பரா என்று எழுதினேன்.
கிராம சேவகர் வெட்டிவிட்டார்.
"தோட்டத்துப் பேர மட்டும் போடுங்க, போதும்."
அந்தப் பெயருக்குக் கீழே
அறுநூறு குடும்பம் இருக்கிறது.

மூன்று, நான்கு, ஐந்து சுலபம்.
தமிழ் விசேட சித்தி,
கணிதம் சாதாரண சித்தி,
ஃபொட்டோக் கொப்பிக் கடையில் கரண்ட் போய்
கணிதம் மட்டும் பாதியில் நின்றது.
மற்றப் பாதி வரும்வரை
மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது, இடமாற்றம் கோருவோருக்கு மட்டும்.
முன்பு படித்த பல்கலைக்கழகத்தின் பெறுபேற்றுத் தாள்,
பாடவிதானம்,
விலகிய காரணம், ஐம்பது சொற்களுக்கு மேற்படாமல்.

கிழக்குக் கடற்கரையில் நான்கு அரையாண்டுகள்,
பதினான்கு பாடங்கள்.
காரணம் எழுதினேன்:
கவ்வாத்துக் கத்தி அப்பாவின் முழங்காலில் இறங்கியது.
நான் வீட்டுக்கு வந்தேன்.
எட்டுச் சொற்கள்.
மீதி நாற்பத்திரண்டும் யாருக்காவது உதவட்டும்.

அதற்குப் பிறகு மூன்று வருடம்
பிள்ளை மடுவத்தில் இருந்தேன்.
பால்மா கரைத்தேன்.
இருபத்திரண்டு பேரின் தூக்கத்தை
ஒன்றின்மேல் ஒன்று விழாமல் பிரித்துவைத்தேன்.
எது பசியில் அழுகிறது, எது சும்மா அழுகிறது,
சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே சொல்வேன்.
பட்டியலில் இதற்கு இலக்கமில்லை.
கல்வியும் மானிட அறிவியலும் கற்பிக்கிற கல்லூரி என்று
பலகையில் மூன்று மொழியில் எழுதியிருக்கிறது.

ஏழு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.
யன்னலுக்கு அந்தப் பக்கம் நில்மினி மிஸ்,
காதுக்கு மேலே பென்சில்.
"கணக்கீடு, இல்லை. வணிகச் சட்டம், இல்லை.
புள்ளிவிபரம், எடுக்கலாம்."
ஒரு பாடத்தில் பென்சில் நின்றது.
பெயர் அதேதான்.
"ஆனா நங்கி, அவங்க முப்பது மணித்தியாலம்.
நாங்க நாப்பத்தஞ்சு."
கோடு விழுந்தது.
அவருக்கும் அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன்,
கோட்டை மெல்லியதாகத்தான் போட்டார்.
"பதினாலில் ஏழு.
ரெண்டாம் வருசத்தில சேரலாம்."

எனக்குத் தராசு ஞாபகம் வந்தது.
ஈரத்துக்குக் கழித்து, சாக்குக்குக் கழித்து
கணக்கப்பிள்ளை சொல்லும் எண்,
சொல்லிவிட்டு
அடுத்த ஆளைப் பார்க்கும் அவர் கண்.

வீட்டுக்கு வந்தபோது
அம்மா வாசல் விளக்கடியில்
கெண்டைக்காலில் ஒட்டிய அட்டைக்கு
உப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.
"எத்தன எடுத்தாங்க?"
"ஏழு."
"கொண்டுபோனது?"
"பதினாலு."
அட்டை சுருண்டு விழும்வரை பார்த்திருந்தாள்.
"அப்ப அரைப்பேர்."
கொஞ்ச நேரம் கழித்து,
"செக்ரோல்ல விழுந்திருச்சுல்ல?"

விழுந்திருச்சு.
பதினோராவது மட்டும் இன்னும் பாக்கி:
மருத்துவச் சான்றிதழ், அரசாங்க வைத்தியரின் ஒப்பத்துடன்.
டிக்கோயாவில் நம்பர் கொடுப்பது காலை ஆறுக்கு.
முதல் பஸ் பிடிக்க நாலரைக்கு இறங்க வேண்டும்.
அந்தப் படிவத்திலும் ஒரு வதிவிடக் கட்டம்.
தோட்டத்தின் பெயரை எழுதினேன்.
பக்கத்தில், கட்டத்துக்குச் சற்று வெளியே,
எட்டின் கீழ் நாலு.
பென்சிலால்தான்.